பாட்டில் எண்ண ஓர் ஆள்

வேலை பார்த்து அங்கேயே தங்கியிருந்த கேன்டீன் மூடிப்போனதால் அதை விட்டு நடந்து, முலுண்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயில் ஏறினேன். எதிரே முழங்கால் வரை சேறோடு இரண்டு பேர்.

"வாரம் பூரா தாராவியில குப்பை பிரிக்கேன். லீவு நாள்லயும் டிக்கெட் எடுத்துப் போயி ஓசியில பொறுக்க வச்சிட்டீரே, மச்சான்" என்றார் ஒல்லியானவர்.

"விளையாட்டுக்கு ஓட்ட வாறவங்க ஜீப் அந்த மேடு பள்ளத்துல ஓடி ஒடஞ்சாத்தான வே செம்பூர்ல என் கேரேஜ் ஓடும்? குப்பை கெடந்தா கேட்டைப் பூட்டிருவேன்னு நிலத்துக்காரன் சொல்லிட்டானே" என்றார் மற்றவர்.

"கூட வந்த ஜீப்காரங்க எல்லாத்தையும் ஒரே பையில அடைக்காங்க. எனக்குக் கை சும்மா இருக்குமா?"

"நீர் பிரிச்சு வச்சதாலதான் முக்காவாசி தண்ணி பாட்டில்னு நிலத்துக்காரனுக்கே தெரிஞ்சுது. ஜீப் உள்ள போறப்ப பாட்டிலை எண்ணணும், வெளிய வாறப்ப அத்தனையும் இருக்கணும்னு சொல்லுதான். எண்ணுறதுக்கு நாளைக்குக் காலையில ஆள் நிக்கலன்னா பூட்டுதான். நீர் போறீரா?"

"நானா? என் வீட்டுக்காரி என்னையும் பிரிச்சு மூட்டை கட்டிருவா."

"சோறும் கூரையும் தாரேங்கான். கர்ஜத்துல இறங்கி ஜீப் மைதானம்னா ஆட்டோக்காரனே கொண்டு விடுவான். ஆனாலும் அந்தக் காட்டுல தனியா கெடக்க எவன் வருவான்?"

"அப்ப உம்ம கேரேஜ்ல இனி நீர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும், மச்சான்."

சயானில் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

மறுநாள் முதல் ரயிலில் கர்ஜத் போய், நிலத்துக்காரரைப் பார்த்து வேலையில் சேர்ந்தேன். முதலில் வந்த ஜீப்பில் பதினான்கு பாட்டில்கள் இருந்தன.