ஓநாய்ச் சரிவில் ஒன்றுமே இல்லை

தீயணைப்பு வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு, அது நின்ற இடத்தில் நம்மை உட்கார வைத்திருக்கும் அவைத்தலைவர், தீயணைப்புப் படைத் தளபதி, எங்கள் லுட்விக் அண்ணன் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் வீற்றிருக்கும் மூத்தோர்களே! முட்டைக்கோஸ் வேகிற அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! பாவங்களை மன்னிக்கவே பிறந்து, இன்று எங்கள் பாவத்தில் பங்காளியாகிவிட்ட பங்குத்தந்தை அவர்களே! வார்சாவிலிருந்து வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கும் சர்வேயர் ஓல்கியெர்ட் ஐயா அவர்களே! ஓடைக்கு அந்தப் பக்கம் ஒல்ஷின்காவிலிருந்து, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று வந்திருக்கும் செக் நாட்டு அன்பர்களே! கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கமாக, தப்பி ஓட வசதியாக உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர் ஜெனோன் அவர்களே! ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை வாழ்த்தி வழியனுப்பிய இந்த போஜெனா, வில்ச்சி பொடோக் ஊரின் பெயரால் உங்களை வணங்கி வரவேற்கிறேன்!

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, ‘போலந்தும் அண்டை நாடுகளும்’. கேட்டீர்களா? பேராசிரியர்கள் பயப்படுகிற தலைப்பைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். “நீ பேசினாத்தான் ஜனம் தூங்காது, போஜெனா” என்றார் லுட்விக் அண்ணன். ஜனம் தூங்கவில்லை. அவர்தான் தூங்குகிறார்.

எனக்கு அரசியல் தெரியாது. என் கொழுந்தனைக் கிறிஸ்துமஸ் விருந்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பீட்ரூட் சூப்பைக் குடிக்க வைத்தது எதுவோ அதுதான் அரசியல் என்று மட்டும் தெரியும். எனக்கு விடைகள் தெரியாது, விசாரிக்கத் தெரியும். நாடு என்பது என்ன? நாட்டின் முடிவில் இருக்கும் கோடு யார் போட்டது? அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் போலந்துக்காரி, அந்தப் பக்கம் விழுந்தால் செக்காரி என்றால், கோட்டின் மேலேயே விழுந்து கிடக்கிறவள் யார்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கடிகாரத்தையும் பாருங்கள். மூன்று மணி பத்து நிமிடம். நான்கு மணிக்கு ஓல்கியெர்ட் ஐயா இந்த வரைபடத்தைச் சுருட்டிவிடுவார்.

விஷயம் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஒல்ஷின்காக்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காலத்தில், நம் பெரியவர்கள் நடமாடிய நாளில், வளைந்து கிடந்த எல்லையை இரண்டு அரசுகளும் நேராக்கின. நேராக்கியதில் செக் நிலம் கொஞ்சம் கூடுதலாக நம் பக்கம் வந்துவிட்டது. அதற்கு ஈடாக நிலம் தர வேண்டும் என்று அறுபது வருடத்துக்கு மேலாகப் பேச்சு. எந்த நிலம்? யாருக்கும் பயனில்லாத நிலமாக ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். எது? நம் ஓநாய்ச் சரிவு! அங்கே எங்களுக்குப் புழக்கம் உண்டு என்கிறவர்கள், புழங்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் சரிவு பட்டியலிலிருந்து நீங்கும். போடாவிட்டால் போகும். காலை ஒன்பது மணியிலிருந்து வரைபடம் என் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது. சிவப்புப் பென்சில் நூலில் கட்டித் தொங்குகிறது. ஒரு புள்ளி விழுந்திருக்கிறதா? ஒரு புள்ளி? ஓர் ஈ வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. அது ஒன்றுதான்.

ஏன் இந்தச் சரிவைப் பயனற்றது என்று முடிவு கட்டினார்கள்? வார்சாவில் இருக்கிறவர்கள் சதி செய்தார்களா? பிராக்கில் இருக்கிறவர்கள் பேராசைப்பட்டார்களா? இல்லை, என் மக்களே, இல்லை. கெடுத்தது நம் வாய்!

போன அக்டோபரில் ஓல்கியெர்ட் ஐயா வீடு வீடாக வந்தார். நினைவிருக்கிறதா? லுட்விக் அண்ணன் வீட்டில் கேட்டார். அண்ணன் என்ன சொன்னார்?

“ஓநாய்ச் சரிவா? அங்க எதுக்கு சார் போறோம்? பாம்பு கெடக்குது.”

பங்குத்தந்தையைக் கேட்டார். “அந்தத் திசையே எனக்குத் தெரியாது, மகனே” என்றார் தந்தை. சொல்லும்போது அவர் காலணியில் ஊசியிலை ஒட்டியிருந்தது. அங்கியின் கீழே பிரம்புக் கூடையின் பிடி எட்டிப் பார்த்தது. தந்தையே, தலையைக் குனியாதீர்கள், உங்களை விட மோசமானவள் இங்கே பேசிக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர், “கல்லும் முள்ளும்தான் சார்” என்றார். நான் விடுவேனா? “காக்காகூட அங்க உக்காராது சார். போன வருஷம் ஒரு முயல் வழி தவறிப் போயி, பசியில செத்தே போச்சு” என்றேன். அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் அடுப்புக்கு மேலே பதினோரு சரம் காளான் காய்ந்துகொண்டிருந்தது. வீடெல்லாம் மணம். ஓல்கியெர்ட் ஐயா மூக்கை உறிஞ்சினார். “வாங்குனது சார்” என்றேன்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. எண்பத்தேழு குடும்பங்களை விசாரித்தோம், எண்பத்தேழு குடும்பங்களும் அங்கே ஒன்றுமே இல்லை என்றன, ஆகவே ஒப்படைக்கத் தடையில்லை. எண்பத்தேழு! தேவாலய மணிக்கூண்டுக்கு எந்த நிறம் பூசுவது என்பதில் நாம் ஒன்றுபட்டோமா? தார்ச்சாலை எந்த வளைவில் போக வேண்டும் என்பதில் ஒன்றுபட்டோமா? இந்தக் கட்சிக்காரன் வீட்டு நாயை அந்தக் கட்சிக்காரன் வீட்டு நாய் முகர்ந்து பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட ஊர், வாழ்நாளில் ஒரே ஒருமுறை ஒற்றுமையாக நின்றது. எதில்? பொய்யில்!

காளான் கிடைக்கும் இடத்தை நாம் யாருக்கும் சொல்ல மாட்டோம். பெற்ற தாய்க்குச் சொல்ல மாட்டோம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல மாட்டோம். கிழக்குக் காட்டுக்குப் போகிறவன் மேற்குக் காட்டோரம் சைக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டு நடந்து போவான். கூடை நிறைய பொரோவிக் காளானை வைத்துக்கொண்டு, மேலே பெரணி இலையைப் பரப்பி, எதிரே வருகிறவனிடம் “இந்த வருஷம் மழையே இல்லப்பா, ஒன்னுமில்ல” என்பான். இதுதான் நம் இயல்பு. இதனால்தான் இன்று காட்டையே இழக்கப்போகிறோம்.

யாரது? ரிஷார்ட் தம்பியா? என்ன சொல்கிறாய்? சத்தமாகச் சொல்.

“அந்தப் பக்கம் போனா என்னக்கா? இப்பதான் எல்லை தொறந்து கெடக்கே. செக் காடானாலும் கூடையத் தூக்கிட்டுப் போயிட்டு வர வேண்டியதுதானே?”

நல்ல கேள்வி. நானும் ஒரு காலத்தில் இதையேதான் நினைத்தேன். தொற்றுநோய் வந்த வசந்தத்தை மறந்துவிட்டாயா, தம்பி? ஒரு காலையில் எழுந்து பார்த்தோம். ஓடைப் பாலத்தில் கம்பித் தடுப்பு. தடுப்புக்குப் பக்கத்தில் துப்பாக்கி. துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு சிப்பாய். திறந்தே கிடந்த கதவு எத்தனை மணி நேரத்தில் மூடியது? ஓர் இரவில்! ஒருமுறை மூடிய கதவுக்கு மறுபடி மூடத் தெரியாதா?

அந்த வசந்தத்தைப் பற்றி ஒரு ரகசியம் உண்டு. இதைச் சொன்னால் ஜெனோன் என்னோடு பேச மாட்டார். பரவாயில்லை, சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் பேசுகிறார்.

கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சரிவில் என் ரகசிய இடத்துக்குப் போனேன். போனால், யாரோ அறுத்துப்போன காளான் தண்டுகள்! மறுநாள் விடியுமுன் போய்ப் புதருக்குள் பதுங்கினேன். ஒரு பெண் வந்தாள். கூடையோடு, கத்தியோடு, கள்ளப் பார்வையோடு. நான் எழுந்தேன். அவள் துள்ளினாள். செக்காரி! இங்கே மூன்றாம் வரிசையில் பச்சைச் சால்வையோடு உட்கார்ந்திருக்கிறாளே, டிராஹொமீரா, அவளேதான்!

“என்னம்மா, காளானா?” என்றேன்.

“ஐயோ, இல்லம்மா. காத்து வாங்க வந்தேன். நீங்க?”

“நானும் காத்துதான்.”

கூடை கொள்ளாத காற்று! அவள் மொழி எனக்குப் பாதி புரியும், என் மொழி அவளுக்குப் பாதி புரியும். பொய் மட்டும் இருவருக்கும் முழுக்கப் புரிந்தது. சிரித்துவிட்டோம். ஒரு கட்டையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம். அவள் சொன்னாள்: “அறுபத்தெட்டுல உங்காளுங்க டாங்கியோட வந்தாங்க. எங்கம்மா கட்டிலுக்குக் கீழ ஒளிஞ்சுகிட்டாளாம். நீ கூடையோட வந்திருக்க. தேவலாம்டி.” நான் விட்டுக்கொடுப்பேனா? “நீங்க கோயிலுக்கே போக மாட்டீங்களாமே, சாமி எப்படி உங்களுக்குக் காளான் குடுக்குது?” என்றேன். “சாமி, கும்பிட்டுக் கும்பிட்டுத் தொந்தரவு பண்ணாத பிள்ளைங்களுக்குத்தான் நெறைய குடுக்கும்” என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் செவ்வாய், எனக்கு வெள்ளி. ஒருநாளும் மீறியதில்லை. பாலம் மூடிய வசந்தத்தில் நம் கடையில் ஈஸ்ட் இல்லை, யார் வீட்டிலும் ரொட்டி உப்பவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு பொட்டலத்தை வீசினாள் டிராஹொமீரா. நம் பக்கத்துச் சிப்பாய் என்னிடம் ஓடிவந்தான். “என்னது அது?” “ஈஸ்ட் தம்பி.” அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “எங்கம்மாவுக்கும் கெடைக்கலையாம், அவங்ககிட்ட இன்னொன்னு கேட்டு வாங்கித் தர்றீங்களா?” என்றான்.

கணவனுக்குச் சொல்லாத ரகசியத்தைக் கடல் போல் பெருகிய சரித்திரப் பகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளிடம் பகிர்ந்துகொண்டேனே, நான் யார்? நல்ல போலந்துக்காரியா? கெட்ட மனைவியா? எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரியவில்லை. இதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

நம்மில் யாருடைய குடும்பம் இந்த ஊரில் நூறு வருடம் இருந்தது? கையைத் தூக்குங்கள். ஒரு கையும் இல்லை. நாம் எல்லோரும் நாற்பத்தாறில் சரக்கு ரயிலில் வந்திறங்கியவர்களின் பிள்ளைகள். கிழக்கே யாரோ ஒரு மேசையில் ஒரு கோடு போட்டார்கள். என் தாத்தா மிக்கோவாய் படுத்திருந்த வீடு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. யாராவது அவரைக் கேட்டார்களா? ஒரு பசு, இரண்டு மூட்டை, பதினாறு நாள் ரயில். போர் முடியும்வரை ஜெர்மனியாக இருந்த இந்த ஊருக்கு வந்து, ஒதுக்கிக் கொடுத்த வீட்டின் கதவைத் திறந்தால், உள்ளே ஒரு ஜெர்மன் பெண் உருளைக்கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீடு! யாராவது அவளைக் கேட்டார்களா? நான்கு மாதம் இரண்டு குடும்பத்தாரும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள், முகம் பார்க்காமல். பிறகு அவளைக் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. கிளம்புகிற காலையில் அவள் என் தாத்தாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தாராம். இழுத்துக்கொண்டே ஓநாய்ச் சரிவில் ஏறினாள். ஓரிடத்தில் நின்றாள். தரையைக் காட்டினாள். இறங்கிப் போய்விட்டாள்.

ஏன் காட்டினாள்? வீட்டைப் பிடுங்கிக்கொண்டவனுக்கு, கையில் மிச்சமிருந்த ஒரே சொத்தை ஏன் காட்டினாள்? கோபம் இல்லையா? இருந்திருக்கும். அழுகை இல்லையா? இருந்திருக்கும். காளான் முளைத்து வீணாகப் போகுமே என்று நினைத்தாளோ? இங்கே இருக்கப்போகிறவன் பட்டினி கிடக்கக்கூடாது என்று நினைத்தாளோ? காளான் பறிக்கப் போகும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யோசிக்கிறேன். விளங்கவில்லை.

ஆனால் ஒன்று விளங்குகிறது, என் ஊராரே! அன்று என் தாத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. அந்த ஜெர்மன் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. இன்று, இத்தனை காலத்துக்குப் பிறகு, கோடு போடுகிறவன் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, “உங்களுக்கு இங்கே என்ன இருக்கிறது?” என்று கேட்கிறான். கேட்கிறான்! நாம் என்ன சொன்னோம்? ஒன்றுமில்லை என்றோம்! பறித்தது போதாதென்று பரிசாகவும் கொடுப்போமா? வாய் இல்லாமல் இழந்தார்கள் அவர்கள். வாய் இருந்தும் இழப்போமா நாம்?

பார்த்துக்கொள்ளுங்கள். பென்சிலை எடுக்கிறேன். ஜெனோன் குவாரியில் இடுப்பொடிந்து கிடந்த நான்கு வருடமும் மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட்ட இடம். மூன்றாவது எல்லைக்கல். அதிலிருந்து கீழே இறங்கினால் இடி விழுந்த பீச் மரம். அதற்கு இடப்பக்கம் நாற்பதடி. இதோ! சிவப்பு வட்டம். இதோ, போஜெனா, கையெழுத்து. இனி அது என் இடமில்லை, எல்லோருக்கும் தெரிந்த இடம்.

என்ன சத்தம்? லுட்விக் அண்ணன் முழித்துக்கொண்டாரா? என்ன சொல்கிறார்?

“அடிப்பாவி! அது என் எடம்டி! இருபது வருஷமா நான் ஞாயித்துக்கெழம போற எடம்!”

அப்படியா! பாம்பு கடிக்கவில்லையா அண்ணே? உங்கள் இடம் என்றால் உட்கார்ந்து கத்தினால் யாருக்குத் தெரியும்? வாருங்கள், வந்து எழுதுங்கள்! கடைசி வரிசையில் யார் எழுந்து நிற்பது? ஜெனோனா?

“போஜெனா! பீச் மரத்துக்கு எடப்பக்கமா? அங்கதான்டி நானும் வியாழக்கெழம…”

வியாழக்கிழமை பல் வைத்தியரிடம் போகிறேன் என்று சொன்னாயேய்யா! இருக்கட்டும், வீட்டுக்கு வா, பேசிக்கொள்வோம். முதலில் இங்கே வந்து கையெழுத்துப் போடு! பங்குத்தந்தையும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறுகிறார், வழி விடுங்கள்! தள்ளாதே ரிஷார்ட், உன் இடம் எங்கே? அதற்கு மேலேயா? அடடா, அங்கே இன்னும் நல்லதாக இருக்குமே! எழுது, எழுது!

டிராஹொமீரா, நீயும் எழுந்துவிட்டாயா? “நாங்க எழுதலாமாங்க?” என்று கேட்கிறாள். ஐயா, விதியில் என்ன இருக்கிறது? செக் கையெழுத்தைச் சேர்க்கவும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லையா? அப்புறம் என்ன, வாடி! செவ்வாய்க்கிழமை என்றும் சேர்த்து எழுது!

ஓல்கியெர்ட் ஐயா தலையைச் சொறிகிறார். ஒரே வட்டத்தைச் சுற்றி இத்தனை பெயர் எழுத இடமில்லையாம். தாளின் பின்பக்கம் இருக்கிறதே ஐயா, திருப்பிப் போடுங்கள். மணி மூன்று ஐம்பது. பத்து நிமிடத்தில் இன்னும் முப்பது பொய்க்காரர்கள் மெய்க்காரர்களாக வேண்டும். நான் பேச்சை நிறுத்தாவிட்டால் வரிசை நகராது.

எழுந்து நின்ற கால்களுக்கு நன்றி. ரகசியத்தை விட்டுக்கொடுத்த நெஞ்சுகளுக்கு நன்றி. ஓடைக்கு அந்தப் பக்கத்து உறவுகளுக்கு நன்றி. பென்சில் முனை உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குக் கும்பிடு, வரிசைக்கு வாழ்த்து, வணக்கம்!