கெட்டிலில் படிந்த வெள்ளை

தண்ணீர் வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார், டீ போதும். டீயும் தண்ணீரில்தானே போடுகிறார்கள் என்று என் மனைவி டார்லின் கேலி செய்வாள். தண்ணீரைச் சோதித்தே வயிறு வளர்த்தவனுக்கு இப்படி ஒரு கிறுக்கு இருக்கத்தான் செய்யும்.

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் சோதனைக்கூடத்தில் ஓர் இயந்திரம் இருக்கிறது. தண்ணீரைப் புகைபோலத் தூவி, பிளாஸ்மா என்கிற கடும் சூட்டுக்குள் அனுப்பும். ஒவ்வொரு உலோகமும் அங்கே தனக்கே உரிய ஒளியை விடும். அந்த ஒளியை அளந்து, எது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடும். ஒழுங்காகக் கேட்டால் அது பொய் சொல்லாது. நானும் சொன்னதில்லை.

நாங்குநேரி போகிற சாலையில் எங்கள் சபை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி நடத்துகிறது. அங்கே புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். நான்தான் சோதித்தேன். ஈயம் இருந்தது, பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாத அளவு. பக்கத்து நிலத்தில் ஒரு காலத்தில் பழைய பேட்டரி உடைத்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றை மூடிவிடுங்கள் என்று சபைக் கமிட்டியில் சொன்னேன்.

அந்தக் கிணறு, சபைச் செயலாளர் ரிச்சர்டின் ஏற்பாடு. அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏலே ஜாஸ்பர், கண்ணு அவிஞ்சது ஒம் மிஷினுக்கா, ஒனக்கா? ஆண்டவர் குடுத்த தண்ணியில ஈயம் இருக்காம், கேட்டுக்கிடுங்க வே!"

எல்லோரும் சிரித்தார்கள். என் மாமனாரும் சிரித்தார். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது சார், மறைப்பானேன்.

மறுபடியும் சோதிக்கச் சொல்லி, ரிச்சர்ட் தன் கையாலேயே ஒரு கேனில் தண்ணீர் பிடித்து வந்தார். எந்தச் சோதனைக்கும் முன்னால் இயந்திரத்துக்குச் சுத்தமான நீரைக் காட்டி, ஒன்றுமே இல்லாத தண்ணீர் இதுதான் என்று சொல்லி வைப்போம். பிளாங்க் என்று பெயர். அதில் உள்ளதை இயந்திரம் மற்ற தண்ணீரிலிருந்து கழித்துவிடும். நான் சுத்தமான நீருக்குப் பதிலாக ரிச்சர்டின் கேன் தண்ணீரையே பிளாங்க் என்று காட்டினேன். பிறகு அதே கேன் தண்ணீரைச் சோதித்தேன். ஈயம் இல்லை என்று வந்தது. அவர் கேட்டதைக் கொடுத்தேன். ஓர் எண்ணைக்கூட நான் கையால் திருத்தவில்லை.

ஈயத்தோடு சேர்ந்து கழிந்துபோனதால், சுண்ணாம்புச் சத்தும் இல்லை என்று வந்திருந்தது. அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் சுண்ணாம்பு இல்லை என்றால் கேட்பவர்கள் வாயால் சிரிக்க மாட்டார்கள். வேண்டுமென்றே அதை அப்படியே விட்டேன். யாராவது வந்து ஒரு வார்த்தை கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான். ரிச்சர்ட் அந்த அறிக்கையை ஆராதனை முடிவில் வாசித்தார். கை தட்டினார்கள். அதிலிருந்து விடுதிப் பிள்ளைகளுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். ரிச்சர்ட் வீட்டில் கடைத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். அது எனக்கு அப்போதே தெரியும்.

விடுதிக் காப்பாளர் பாக்கியவதி டீச்சர் மட்டும் ஒருநாள் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, சுண்ணாம்பே இல்லன்னு போட்டிருக்க. கெட்டில்ல வெள்ளையா அடி புடிக்குதே, அது என்னது?"

"பாத்திரம் சரியில்ல டீச்சர். புளி போட்டுத் தேய்க்கச் சொல்லுங்க."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அன்னைக்குக் கமிட்டியில ஒன்னைப் பாத்துச் சிரிச்சப்பவே எனக்கு மனசு கேக்கல. பிள்ளைய வேற அடிக்கடி வயித்த வலிக்குன்னு சொல்லுதுவ, அதான் கேட்டேன்."

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

விடுதியில் இருந்த சாத்தான்குளம் பக்கத்துப் பிள்ளை எப்சி, வலிப்பு வந்து செத்தது அதற்கு அடுத்த மாதம். இன்னும் சில பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். விசாரிக்க வந்த வேறு சோதனைக்கூடத்துப் பெண் ஷம்ஸியா, என் அறிக்கையில் சுண்ணாம்பு வரியைப் பார்த்ததுமே பிளாங்க் எதில் எடுத்தீர்கள் என்று கேட்டாள். கெட்டிக்காரப் பெண். அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டேன்.

டீச்சர் கேட்டபோதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். ரிச்சர்ட் அல்லவா வந்து கேட்டிருக்க வேண்டும்? அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியாயிற்றா? ரிச்சர்ட் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். முழுவதும் வாசிக்க வேண்டாம் சார். என் முதல் சோதனை சரிதான் என்று வருகிற இடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள்.