ஒரு திருகு மாறாமல்

— இறங்கு மார்லிஸ். பெல்ட்டைக் கழட்டிட்டு இறங்கு.

— ஏன்டா ஆரின், நீ கட்டின வண்டியைக் கீறிடுவேன்னு பயமா?

— அது வந்து... இஞ்சின் சூடு சரியில்ல.

— இஞ்சின் இன்னும் ஸ்டார்ட்டே ஆகல. அதுக்குள்ள என்ன சூடு? பொய்யையாவது ஒழுங்காச் சொல்லேன்.

— மேடம், ரெடியா? தள்ளுற லாரி பின்னாடி வந்து நிக்குது. நான் கொடியை அசைச்சதும் அவன் தள்ளுவான், நீங்க கியரைப் போட்டுக்குங்க. ரெண்டே சுத்து. மெதுவா, கையசைச்சுக்கிட்டே.

— மெதுவாவா? க்ளைட், உங்க கொடியை நீங்க எப்படி வேணா ஆட்டிக்குங்க. நேர்ப்பாதையில நான் முழுசா மிதிக்கப் போறேன். மூணாவது வளைவுக்குள்ள எங்கப்பா போன மாதிரியே போவேன்.

— ஐயோ... க்ளைட், அஞ்சு நிமிஷம் குடுப்பா. லாரியைப் பின்னாடி எடுக்கச் சொல்லு.

— என்ன ஆரின் இது? கேலரி பூரா ஜனம். மேடத்தோட அப்பா செத்த அம்பதாம் வருஷ நினைவு நாள்னு சர்ச் முடிஞ்ச கையோட வந்து உக்காந்திருக்காங்க.

— உக்காந்திருக்கட்டும். அஞ்சு நிமிஷத்துல யாரும் கரைஞ்சு போயிட மாட்டாங்க. நீ போ, நான் கூப்பிடறேன்.

— போயிட்டாரு. இப்பச் சொல்லு, என்ன வேஷம் இது?

— மெதுவாப் போவேன்னு சொன்னே. என் பட்டறை வாசல்ல நின்னு சத்தியம் பண்ணினே.

— பண்ணினேன். பண்ணலேன்னா வண்டியை வெளிய விட்டிருப்பியா? ஊர்கோலம் போறதுக்கா மூணு வருஷம் காத்திருந்தேன்? எங்கப்பா கடைசியாப் பார்த்த அந்த வளைவை அதே வேகத்துல ஒரு தடவை பார்த்துடணும். அவ்வளவுதான் எனக்கு.

— அம்பத்தொம்பது வயசுல உனக்கு ஏன் இந்தக் கிறுக்கு?

— ஆமாமா, கிறுக்குதான். இல்லேன்னா உங்கிட்ட வருவேனா? இண்டியானா முழுக்கப் பழைய ரேஸ் வண்டிக்கு நகல் கட்டறவன் எத்தனை பேர் இருக்கான்! வண்டி கட்டி எங்கப்பாவைக் கொன்னவரோட மகன்கிட்ட வந்து நிக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து? உங்கப்பா வரைஞ்ச படம் உங்கிட்டதான் இருந்துச்சு. அதனால வந்தேன்.

— தெரியும்மா. அதைத் தெனம் சொல்லிக் காட்டாதே.

— ஒரு திருகு மாறக்கூடாதுன்னு சொன்னேன்.

— மாறல. பானட்ல இருந்த நசுங்கலைக்கூட ஃபோட்டோவைப் பார்த்துப் பார்த்துத் தட்டி வெச்சேன். சீட்டுத் தையல்ல ஒரு நூல் விட்டுப் போயிருந்தது, அதையும் விட்டே தெச்சேன்.

— சரி, அதுக்கு ஒரு கும்பிடு. இப்ப வழியை விடு.

— மார்லிஸ், மாறலேங்கிறதுதான் வம்பே. அது வந்து... ஸ்டீயரிங் ஆர்ம். முன் சக்கரத்தைத் திருப்பிவிடுற இரும்புக் கை. அன்னிக்கு உடைஞ்சது அதுதான்.

— யார் சொன்னா? ஸ்டீயரிங்ல ஏதோ போச்சுன்னுதான் எல்லாருக்கும் தெரியும். என்ன போச்சுன்னு கடைசிவரைக்கும் தெரியல. தடம் பூரா மண்ணைக் கிளறினாங்களே.

— கிளறறதுக்கு முன்னாடி எங்கப்பா ஓடிப்போய் எடுத்துட்டார். சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு வந்துட்டார். சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் எங்கிட்ட குடுத்தார்.

— அடப்பாவி! அம்பது வருஷமா ஒளிச்சு வெச்சிருக்கீங்க, அப்பனும் மகனுமா!

— கத்தாதே, கேளு. அப்பல்லாம் எடை குறையணும்னு எதைப் பார்த்தாலும் ஓட்டை போடுவாங்க. பெடல்ல, சீட்டுத் தகட்டுல, எல்லாத்துலயும். அந்த ஆர்ம்லயும் வரிசையாப் போட்டிருந்தார். ஒண்ணு அதிகமாப் போயிடுச்சு. அதுலதான் விண்டுது.

— இந்த வண்டியில இருக்கிற ஆர்ம்?

— அதே மாதிரிதான்.

— அதே மாதிரின்னா? அதே ஓட்டையா?

— அசலைக் கையில வெச்சுக்கிட்டு வேற மாதிரி செய்ய என் கை கேக்கல மார்லிஸ். சத்தியமா கேக்கல. மியூசியத்துல நிக்கப் போற வண்டிதானேன்னு நெனச்சேன். அப்புறம் நீ ரெண்டு சுத்துன்னே. மெதுவாப் போனா தாங்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

— தாங்கலேன்னா?

— அதான் குறுக்கே நிக்கிறேனே.

— நல்லா நின்னே போ! நான் வாயைத் திறந்து முழுசா மிதிப்பேன்னு சொல்லியிருக்கலேன்னா? மகராசன், ஒரே குடும்பத்துல ரெண்டு பேரை அனுப்பியிருப்பே.

— திட்டு. எனக்கு வேணும்.

— அப்ப ஊர் சொன்னது சரிதான். உங்கப்பா கொலைகாரர்தான்.

— நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். பட்டறைக் கதவுல அதை எழுதியே வெச்சாங்க. அதுக்கப்புறம் ஒருத்தன் அவர்கிட்ட வண்டி குடுக்கல. சோளக் கிடங்குல மூட்டை தூக்கினார். உங்கம்மா ஒரு நாள் மளிகைக் கடையில அவர் மூஞ்சியில துப்பினாங்க, பக்கத்துல நான் நிக்கிறேன். துடைச்சுக்கிட்டு, மாவும் முட்டையும் வாங்கிக்கிட்டு வந்தார். எம்மேல தப்பு இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல.

— சொல்ல என்ன வாய் இருந்துச்சு?

— அதான். ஆர்மைக் குடுக்கறப்பவும், மார்லிஸ் கண்ணுல மட்டும் இது படக்கூடாதுன்னார். பாவம், உன்கிட்ட வெக்கப்படறாருன்னு நெனச்சேன்.

— வெக்கமாம்! பிடி இந்த பெல்ட்டை. இறங்கறேன். அந்த ஆர்ம் எங்க?

— என் பையில இருக்கு. காலையிலேர்ந்து தூக்கிக்கிட்டுத் திரியறேன்.

— குடு. க்ளைட்கிட்ட மைக்கை வாங்கறேன். கேலரியில இருக்கிற அத்தனை பேருக்கும் தூக்கிக் காட்டப் போறேன். உன் பட்டறைப் பக்கம் இனிமே ஒரு நாய்கூட வராது.

— காட்டிக்கோ. நான் தடுக்கல. இந்தா.

— எங்க விண்டுது? இங்கயா?

— ஆமா, கடைசி ஓட்டை. நுனிக்கு எவ்வளவு கிட்டப் போயிருக்கு பாரு. அதுலயும் இது மட்டும் கோணலா இருக்கு. எங்கப்பா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டாக்கூட நேரா வரும். என்ன அவசரமோ. அந்தக் கோணலையும் நான் விடல, அப்படியே எடுத்தேன்.

— அவர் வரைஞ்ச படத்துல எத்தனை ஓட்டை?

— ஆறு.

— இதுல ஏழு இருக்கு.

— ஆமா. வரைஞ்சதுக்கப்புறம் சேத்திருப்பார்.

— மேடம், இறங்கிட்டீங்களா? என்ன ஆரின், ஓடுமா ஓடாதா? ஜனங்களுக்கு நான் என்ன சொல்ல?

— இரு க்ளைட், அவங்களே சொல்லுவாங்க. மார்லிஸ், மைக் கேட்டியே, வந்திருக்கு பாரு.

— வேண்டாம். அவரைப் போகச் சொல்லு.

— என்னது? ஏன் அந்த ஓட்டையையே தடவிக்கிட்டு நிக்கிறே? உக்காரு, டயர் மேல உக்காரு. க்ளைட், நீ போப்பா, வண்டி இன்னிக்கு ஓடாதுன்னு சொல்லிடு.

— இது உங்கப்பா போட்டதில்ல, ஆரின்.

— பின்ன?

— ரேஸுக்கு முந்தின நாள் மத்தியானம். உங்கப்பா சாப்பிடப் போயிருந்தார். இன்னும் ஒண்ணு போட்டா இன்னும் கொஞ்சம் எடை குறையும்னு எங்கப்பாதான் டிரில்லை எடுத்தார்.

— உனக்கெப்படித் தெரியும்?

— டிரில் சூடாகாம எண்ணெய் விட்டது நான்தானே. ஒம்பது வயசு எனக்கு. அப்பாவுக்கு நானும் வேலை செஞ்சு குடுத்தேன்னு, அடக்கத்தன்னிக்கு உங்கப்பாகிட்ட பெருமையாச் சொன்னேன்.