செம்பவாங் சகோதரர்கள்

மல்யுத்த உடையை வாஷிங் மெஷினில் போடக்கூடாது. ஜரிகை பிரிந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கரைத்து, கையால் அலசி, நிழலில் காயப்போட வேண்டும். ஆறு வருடம் இருவருடைய உடையையும் நான்தான் துவைத்தேன். புக்கிட் மேராவில் என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, மூங்கில் கழியில், இரண்டு பச்சை வேட்டிகள் அடுத்தடுத்துத் தொங்கும். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி இரண்டாவது வேட்டியைக் காட்டி, "பிரதர் ஆ?" என்று கேட்பார். ஆமாம் என்பேன்.

அதிகாரி அனுப்ரியா அவர்களே, தமிழிலேயே எழுதலாம், அவசரமில்லை என்றீர்கள். நன்றி. வாக்குமூலப் படிவத்தில் பாதிக்கப்பட்டவருக்கு நான் என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் அண்ணன் என்று எழுதியிருந்தேன். நீங்கள் அதை அடித்துவிட்டு, சக மல்யுத்தக்காரர் என்று எழுதினீர்கள். சட்டப்படி அதுதான் சரி. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அநாதை விடுதியில் வளர்ந்தேன். வீட்டில் யாரும் இல்லை. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. எந்த நேரமும் கூப்பிடும் லிஃப்ட் வேலைக்கு அது வசதி.

மல்யுத்தக் குழுவில் சுரேந்தர் எனக்கு ஒரு வருடம் முன்பு சேர்ந்தவன். வயதில் என்னைவிட மூன்று வருடம் சிறியவன். யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்று எங்கள் கதைகளை எழுதுவதும் மேடையில் நடுவராக நிற்பதும் முகம்மது யூசுப். அவர்தான் ஒரு நாள் எங்கள் இருவரையும் கண்ணாடி முன் நிறுத்தினார்.

"மூக்கப் பாரு மச்சான். ஒரே அச்சு. இன்னிலேர்ந்து நீங்க அண்ணன் தம்பி."

"இவன் மூக்கு உடைஞ்ச மூக்கு லா," என்றான் சுரேந்தர்.

"உன்னோடதையும் உடைச்சிரலாம்."

அப்படித்தான் செம்பவாங் சகோதரர்கள் ஆனோம். சுரேந்தரின் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவனுக்குப் பதினைந்து வயதில் இறந்துவிட்டார். யூசுப் அந்தக் கதையை எடுத்துக்கொண்டார். தலைக்கவசத்துடன் சுரேந்தரின் அப்பா நிற்கும் படத்தைப் பெரிதாக்கி, நாங்கள் இருவரும் சேர்ந்து தலைக்கு மேல் தூக்கியபடி மேடைக்கு வருவோம். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த மண்டபத்தில் முந்நூறு பேர் எழுந்து நிற்பார்கள்.

மேடையில் அவன் மைக்கைப் பிடித்து, "எங்கண்ணன் மேல கை வெச்சுப் பாருடா," என்பான். திரைக்குப் பின்னால் வந்ததும், "ப்ரோ, தண்ணி இருக்கா?" இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் ப்ரோ. நடுவில் ஒரு கறுப்புத் துணிதான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இந்த விசாரணைக்கு அது தேவைப்படும். ஆபத்தான பிடிக்கு முன்பும், விழுந்த பின்பும் எதிராளியின் கையை ஒரு முறை அழுத்துவோம். சரியாக இருக்கிறாயா என்று பொருள். சரியாக இருந்தால் அவன் திருப்பி அழுத்துவான். பார்ப்பவர்களுக்குத் தெரியாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது சுரேந்தர்தான். விழுவதற்கும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். அதற்குமுன் யாரும் அப்படி என் கையைப் பிடித்துக் கேட்டதில்லை.

திருப்பி அழுத்தாவிட்டால் நடுவரிடம் சொல்ல வேண்டும். நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைப்பார். உண்மையான அடி, ஆட்டம் நின்றது என்று பொருள். போன வருடம் ஜூலை மாத ஆட்டத்தில் அந்தச் சைகையைக் கதைக்காகப் பயன்படுத்தினோம். யூசுப் கைகளைக் குறுக்காக வைத்தார். சுரேந்தரைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். கூட்டம் அழுதது. வாசல்வரை போனவன் குதித்து எழுந்து திரும்பி ஓடிவந்தான். மண்டபமே ஆடியது. அந்த யோசனை என்னுடையது. அப்போது அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை.

சுரேந்தரின் கல்யாணத்தில் வாசலில் நின்று பன்னீர் தெளித்தது நான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. இளமதி நல்ல பெண். நாங்கள் மேடையில் சொன்ன உறவை அப்படியே வீட்டிலும் சொன்னவள் அவள் ஒருத்திதான். என்னைச் செல்வா அண்ணா என்று கூப்பிடுவாள். அவன் சாப்பிட்டானா, மருந்து போட்டானா என்று நான் தினமும் கேட்டால் சிரிப்பாள்.

"ஸ்டேஜ்ல அண்ணன். போன்ல மாமியார்."

போன வருடம் ஆடி அமாவாசையன்று பெரிய மழை. துவைத்த வேட்டியை வாங்க சுரேந்தர் வந்தான். எப்போதும் கீழே கார் நிறுத்துமிடத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவான். அன்று மழைக்காக மேலே வந்தான். ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

கூடத்தில் அவன் அப்பா படம், மேடைப் படத்தின் சின்னப் பிரதி, இருந்தது. பஃப்பலோ ரோட்டில் வாங்கிய மல்லிகை மாலை போட்டிருந்தேன். விளக்கு எரிந்தது. இலையில் சோறு, வடை, பாயசம். பக்கத்தில் பால் இல்லாத கோப்பி ஒரு கிளாஸ். அவருக்கு அதுதான் பிடிக்கும் என்று சுரேந்தர் எப்போதோ சொல்லியிருக்கிறான்.

"ப்ரோ, என்ன இது?"

"அமாவாசை லா."

"தெரியும். காலையிலேயே கோயில்ல தர்ப்பணம் கொடுத்துட்டு வந்துட்டேன். இது எங்கப்பா ப்ரோ. உனக்கு அப்பா இல்ல."

"படத்த ரெண்டு பேருந்தானே தூக்குறோம்."

"அது ஷோ."

அவன் கத்தவில்லை. மாலையைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தான். படத்தை, துவைத்த வேட்டி இருந்த பையில் போட்டுக்கொண்டான். வாசலில் ஷூ போடும்போது, என்னைப் பார்க்காமல், "நீ யாரையாவது போய்ப் பாரு ப்ரோ. டாக்டர் யாரையாவது," என்றான். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றேன். இலையில் இருந்ததை நானே சாப்பிட்டேன். வீணாக்கக்கூடாது.

மறுநாள் யூசுப் போன் செய்தார். ஒசாகாவில் ஒரு குழு சுரேந்தரை மூன்று வருடத்துக்கு அழைத்திருக்கிறதாம். அவனை மட்டும். இளமதியும் கூடப் போகிறாள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாராம்.

"செப்டம்பர்ல கடைசி மேட்ச் மச்சான். அண்ணன் துரோகி ஆயிடுறான். தம்பி அவன ஜெயிச்சு மன்னிக்கிறான். நடுவுல ஒரு கட்டிப்பிடி. அழுதுட்டே வீட்டுக்குப் போவாங்க."

"போறவன் தோத்துட்டுப் போறதுதானே வழக்கம்?"

"வழக்கந்தான். ஆனா இவன் தோத்தா ஜனம் என்னை அடிக்கும் லா."

இது உண்மையிலேயே எங்கள் தொழிலின் வழக்கம். போகிறவன் இருப்பவனிடம் தோற்க வேண்டும். இருப்பவனுக்கு அதுதான் மிச்சம். நான் வாதாடவில்லை.

செப்டம்பர் மாதச் சனிக்கிழமை, பிற்பகல் ஆட்டம். நாங்கள் முதல் முறையாக எதிரெதிர் மூலையில் நின்றோம். இளமதி முதல் வரிசையில் இருந்தாள். பதினோராவது நிமிடம் என்னுடைய பிடி: அவனைத் தலைகீழாகத் தூக்கி, அப்படியே உட்கார வேண்டும். தூக்கப்பட்டவனுடைய தலை என் தொடைகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். தொடைக்குக் கீழே ஒரு விரல்கூட இறங்கக்கூடாது. அப்போதுதான் நான் உட்காரும்போது தரையில் மோதுவது என் பின்புறமாக இருக்கும், அவன் தலை அல்ல. இருநூறு தடவையாவது பயிற்சி செய்திருக்கிறோம்.

தூக்குவதற்கு முன் கையை அழுத்தினேன். அவன் திருப்பி அழுத்தினான்.

வியர்வையில் பிடி வழுக்கிவிட்டது என்று அப்போது சொன்னேன். நம்பினீர்கள். வழுக்கியது உண்மை. அவன் தலை நான்கு விரல் இறங்கிவிட்டதும் எனக்குத் தெரிந்தது. ஏற்றிப் பிடிக்க ஒரு மூச்சு அவகாசம் இருந்தது. அந்த மூச்சில் நான் ஒசாகாவை நினைத்தேன். கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் அந்தக் குழு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் போதும். பிறகு உட்கார்ந்தேன்.

இதுவரை சொன்னது சின்ன விஷயம்.

அவன் மல்லாந்து கிடந்தான். கையை அழுத்தினேன். பதில் இல்லை. மறுபடியும் அழுத்தினேன். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்தேன். உதடு அசையாமல் பேசுவதில் அவன் கெட்டிக்காரன்.

"ப்ரோ. கை இருக்கறதே தெரியல. தூக்காத."

இளமதி கொடுத்த புகாரில் இப்படித்தான் இருக்கிறது என்றீர்கள். ஒரு சொல்லும் தப்பில்லை. நான் ஒப்புக்கொள்ளாவிட்டால் இதற்கு வேறு சாட்சி கிடையாது. ஆனால் அவன் சொன்னது பொய் என்று ஆகிவிடக்கூடாது.

கயிறுகளுக்குள் அவன் என்னை ஒருநாளும் ப்ரோ என்று கூப்பிட்டதில்லை. பயிற்சியில்கூட, மேடை ஏறினால் அண்ணாதான். அதனால் இது நடிப்பு இல்லை என்பது எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. கழுத்தில் அடிபட்டவரை அசைக்கக்கூடாது என்பது முதல் வாரப் பாடம். அதுவும் தெரியும். அண்ணா என்று கூப்பிட்டிருந்தால் அப்படியே படுக்க விட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

அக்குள் இரண்டிலும் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். தலை பின்னால் தொங்கியது. அதை என் தோளில் சாய்த்துக் கட்டிப்பிடித்தேன். கதையின் முடிவில் வர வேண்டிய கட்டிப்பிடி கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது, அவ்வளவுதான். யூசுப் கைகளைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்துவிட்டார். முகம் வெளுத்துப்போய், "உண்மை, உண்மை," என்று கத்தினார். ஜூலையில் ஏமாந்த கூட்டம் இந்த முறை ஏமாறத் தயாராக இல்லை. சிரித்தார்கள். கைதட்டினார்கள். தூக்குப்படுக்கைக்காரர்கள் இருவரும் எப்போது ஓட வேண்டும் என்று யூசுப் தங்களிடம் சொல்லவில்லையே என்று நின்றார்கள். இளமதியும் கைதட்டினாள். நான் அவளைப் பார்த்தேன். நான்கு நிமிடம் அவனைக் கீழே விடவில்லை. விழுந்ததால் வந்த சேதம் கொஞ்சம், தூக்கியதால் வந்தது மிச்சம் என்று பின்னால் டாக்டர் சொன்னார். எப்படித் தூக்கப்பட்டான் என்று யாரும் கேட்கவில்லை. பதற்றத்தில் அண்ணன் தூக்கிவிட்டான் என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். மண்டபத்துக்கு வெளியிலும் அண்ணன் என்றார்கள்.

கழுத்துக்குக் கீழே எதுவும் வேலை செய்யாது. எட்டு மாதம் தொண்டையில் குழாய் இருந்தது, பேச்சு இல்லை. உட்லண்ட்ஸில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டார்கள். செவ்வாய், வியாழன், சனி நான் போவேன். உடம்பு துடைப்பேன், சவரம் செய்வேன், புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பேன். அவனுடைய அப்பா படத்தை நானே சுவரில் மாட்டினேன். அவன் கண்ணுக்கு நேராக.

"நீங்க இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன் செல்வா அண்ணா," என்பாள் இளமதி. பாவம், நின்றபடியே தூங்குவாள்.

நான் வந்தால் அவன் உதடுகள் அசையும். அவள் ஓடிவந்து குனிவாள்.

"என்ன சொல்றாருன்னே புரியல. உங்களுக்குப் புரியுதா?"

"தண்ணி வேணுமாம்," என்பேன்.

உதடே அசையாமல் பேசியதை ஆறு வருடம் கேட்டவன் நான். அசையும் உதடு படிக்கத் தெரியாமல் போகாது. அவன் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் பஞ்சில் தண்ணீர் நனைத்துக்கொண்டு வருவாள். அவன் கண்ணில் நீர் வழியும். நான் துடைத்துவிடுவேன். இப்படி எட்டு மாதம்.

போன மாதம் குழாயை எடுத்தார்கள். அன்று நான் வேலையில் இருந்தேன். பீஷான் பக்கம் ஒரு லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டிருந்தார். அவன் முதலில் பேசியது அந்த வாக்கியத்தைத்தான், அது உங்கள் கோப்பில் இருக்கிறது.

ஆகவே, செல்வராஜ் ஆகிய நான், தெரிந்தே பிடியைச் சரிசெய்யாமல் விட்டேன். தெரிந்தே தூக்கினேன். தெரிந்தே எட்டு மாதம் தண்ணீர் என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

நான் இனி அங்கே வரக்கூடாது என்று சுரேந்தர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். கோபத்தில் தம்பிகள் சொல்வதுதான். வலது பக்கம் புரட்டும்போது முட்டிகளுக்கு நடுவில் தலையணை வைக்க வேண்டும் என்று இளமதியிடம் சொல்லிவிடுங்கள். அவள் மறந்துவிடுவாள்.

கையில் உணர்வு வரவே வராது என்கிறார் டாக்டர். அவர் ஸ்கேனைப் பார்த்துச் சொல்கிறார். வாரத்தில் மூன்று நாள், கிளம்புவதற்கு முன், அவன் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்துவேன். சரியாக இருக்கிறாயா என்று. அவன் ஒவ்வொரு முறையும் திருப்பி அழுத்தினான்.