மாற்றத்துக்கான காரணம்

துரியா — அப்ப பழைய கருவியே போதும்கிறீங்க?

ஜவாத் — ஆமா.

துரியா — நீங்க? நீங்களா சொல்றீங்க?

ஜவாத் — ஏன், நான் சொல்லக் கூடாதா?

துரியா — போன வருஷம் முழுக்க அதத் திட்டாத நாள் உண்டா? "இந்த லாக் எழுதற சனியனத் தூக்கிக் கடல்ல போடணும்"னு அகாதிர் துறைமுகத்துக்கே கேக்கிற மாதிரி கத்தினது யாரு?

ஜவாத் — வயசாகுதுல்ல. பொறுமை வந்துடுச்சு.

துரியா — முப்பத்தெட்டு வயசுல?

ஜவாத் — இருபத்தாறு வயசுல உனக்கு என்ன இவ்ளோ அவசரம், லல்லா துரியா அம்மணி? நாலு நாளா புதுசு, புதுசுன்னு குதிக்கிறே.

துரியா — நல்லா இருக்கு, அதான். வேகமா எழுதும். கோப்பு பெருத்துப் போனா தானா வெட்டிப் புதுசு தொடங்கும். தேடறது சுலபம். அப்புறம்...

ஜவாத் — பதினொரு காரணம் எழுதியிருக்கே. எண்ணிட்டேன்.

துரியா — உக்காந்து எண்ணினீங்களா?

ஜவாத் — பதினொண்ணும் உப்புச்சப்பில்லாத காரணம். வேகமாம்! நாம என்ன ராக்கெட்டா விடறோம்? மீன் கிடங்குல குளிர் குறையுதான்னு பாத்து, குறைஞ்சா அபாய மணி அடிக்கிற மென்பொருள். எந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னு லாக்ல நிமிஷத்துக்கு நாலு வரி எழுதும். நாலு வரிக்கு எதுக்கு வேகம்?

துரியா — அந்த நாலு வரி சரியா இருக்க வேணாமா?

ஜவாத் — ...என்ன சொன்னே?

துரியா — ஒண்ணுமில்ல.

ஜவாத் — இல்ல, என்னமோ சொன்னே. எந்த வரி சரியில்ல?

துரியா — பொதுவா சொன்னேன்.

ஜவாத் — பொதுவா சொல்றவங்க இப்படி என் மூஞ்சியவே பாத்துட்டு சொல்ல மாட்டாங்க.

துரியா — வேற யார் மூஞ்சியப் பாக்கறது? இந்த ரூம்ல இருக்கறது நாம ரெண்டு பேருதான்.

ஜவாத் — சரி, டீய ஊத்து... ஏய், பாத்து! மேசை மேல ஊத்தறே.

துரியா — தூக்கி ஊத்தினாத்தான நுரை வரும்.

ஜவாத் — நுரைக்குன்னு ஊத்தறவ டம்ளருக்குள்ளல்ல ஊத்துவா.

துரியா — உங்க கண்ணுக்கு எல்லாமே சந்தேகமாத்தான் தெரியும் போல. கதவத் தட்றாங்க பாருங்க.

சி மிலூத் — என்ன புள்ளைங்களா, முடிவாச்சா? அஸர் தொழுகை முடிஞ்சதும் கிடங்குக்காரங்க வர்றாங்க. முதலாளின்னு நான் ஒருத்தன் படிவத்த வெச்சுக்கிட்டு முழிக்கிறேன்.

ஜவாத் — பேசிக்கிட்டிருக்கோம், சி மிலூத்.

சி மிலூத் — கருவிய மாத்தறதா இருந்தா "மாற்றத்துக்கான காரணம்"னு ஒரு கட்டம் இருக்கு. அத நிரப்பாம கிடங்குக்காரங்க கையெழுத்து போட மாட்டாங்க. ஆமா, எனக்கு ஒண்ணு புரியல. இந்த லாக்தான, அந்தக் காவல்காரன் தூங்கிட்டான்னு புடிச்சுக் கொடுத்தது?

ஜவாத் — ...ஆமா.

சி மிலூத் — நல்லா வேலை செய்யறத எதுக்கு மாத்தணும்? நாலு பேர் நாலு விதமாப் பேசினப்ப, ஜவாத் எழுதின ஒரு பக்க அறிக்கையில எல்லார் வாயும் அடைச்சுது. கிடங்குக்காரங்க அதுக்கு சட்டம் போட்டு மாட்டாத குறைதான்.

துரியா — ஹம்மூ மாமா வாயும் சேத்துத்தான் அடைச்சுது.

சி மிலூத் — யாரு ஹம்மூ?

துரியா — அந்தக் காவல்காரர்.

சி மிலூத் — ஓ... பாவம்தான். ஆனா ஒரு கிடங்கு மத்தி மீன் அழுகிடுச்சே, என்ன பண்றது? நான் தொழுதுட்டு வரேன். வந்ததும் ஒரு முடிவா சொல்லுங்க.

ஜவாத் — ...எதுக்கு இப்ப அந்தப் பேரை எடுத்தே?

துரியா — பேரை எடுத்தா என்ன? அவருக்கும் பேருன்னு ஒண்ணு இருக்குல்ல.

ஜவாத் — உனக்கு சொந்தமா அவரு?

துரியா — சொந்தமா இருந்தாத்தான் பேசணுமா? ஞாயிற்றுக்கிழமை சந்தையில பாத்தேன். வண்டி நிறுத்தற இடத்துல நின்னுக்கிட்டு, வர்ற காருக்கெல்லாம் கை காட்டிக்கிட்டிருந்தார். என்னைப் பாத்ததும் திரும்பி நின்னுக்கிட்டார்.

ஜவாத் — நீ பேசினியா?

துரியா — பேசினேன். பத்தொம்பது வருஷம் காவல் இருந்த மனுஷன். இப்ப தெருவே தூங்குமூஞ்சி ஹம்மூன்னு கூப்பிடுதாம். எந்தக் கிடங்குலயும் சேக்க மாட்டேங்கிறாங்க. தூங்கினவனை எவன் காவலுக்கு வைப்பான்? "மணி அடிச்சுது, ஓடிப்போய் பட்டனை அமுக்கினேன், குளிரூட்டற மாத்து இயந்திரம் கிளம்பவே இல்லம்மா"ன்னு இன்னமும் அதையேதான் சொல்றார்.

ஜவாத் — அவர் அப்படித்தான் சொல்லுவார்.

துரியா — அப்ப ஏன் நீங்க கண்ண வேற பக்கம் திருப்பறீங்க?

ஜவாத் — என் அறிக்கைய நேத்து யாரோ திறந்து பாத்திருக்காங்க. நீதானே?

துரியா — நான்தான். போன திங்கக்கிழமை காலையில, எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி வந்து, ஞாயிறு லாக்கைத் திறந்து வெச்சுக்கிட்டு பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தது யாரு? நீங்கதானே?

ஜவாத் — என்னை வேவு பாக்கறியா?

துரியா — பக்கத்து மேசை. பாக்காம என்ன செய்ய? அந்த லாக்ல என்ன இருந்துச்சு?

ஜவாத் — என்ன இருந்துச்சுன்னு கேக்காதே. என்ன இல்லன்னு கேளு. ராத்திரி ஒண்ணு அம்பத்தொம்பதுக்கு ஒரு வரி இருக்கு. அதுக்கு அடுத்த வரி மூணு மணி. நடுவுல ரெண்டு மணியவே காணோம்.

துரியா — பெருநாள் முடிஞ்சு நாடு முழுக்கக் கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளினாங்கல்ல. வருஷா வருஷம் நடக்கறதுதான?

ஜவாத் — அதான். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நோன்புக்கு முந்தின ஞாயிறு கடிகாரத்தப் பின்னாடி தள்ளினாங்க. அன்னிக்கு மூணு மணி ஆனதும் மறுபடி ரெண்டு. ஒரே ராத்திரியில ரெண்டு மணி ரெண்டு தடவை வந்திருக்கு, துரியா. மீன் அழுகினதும் அதே ராத்திரிதான்.

துரியா — ...சொல்லுங்க.

ஜவாத் — லாக் படி ரெண்டு மணி ரெண்டு நிமிஷத்துக்கு பட்டன், ரெண்டு அம்பதுக்கு அபாய மணி. நான் என்ன எழுதினேன்? "காவலர் பட்டனை முன்கூட்டியே சோதித்துவிட்டு உறங்கிவிட்டார், மணி அடித்தபோது வரவில்லை." ஆனா மணி அடிச்சது முதல் ரெண்டு அம்பது. பட்டன் அமுக்கினது ரெண்டாவது தடவை வந்த ரெண்டு ரெண்டு. நடுவுல வெறும் பன்னெண்டு நிமிஷம். அந்தக் கிடங்குல ஒவ்வொரு கதவாத் திறந்துக்கிட்டு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு ஓட பன்னெண்டு நிமிஷம் ஆகும். அந்த மனுஷன் ஓடியிருக்கார்!

துரியா — பழைய கருவி சுவர்க் கடிகாரத்த மட்டும் பாத்து எழுதுது. புதுசு, நேரத்தத் தள்ளினதையும் சேத்து எழுதும்.

ஜவாத் — அதான் பன்னெண்டாவது காரணம். அதத்தான் நீ எழுதல.

துரியா — நீங்களும்தான் பத்து நாளா சொல்லல.

ஜவாத் — கையெழுத்து என்னுதும்மா. மூணு புள்ளைங்க எனக்கு. கருவிய மாத்தினா கட்டத்துல காரணம் எழுதணும், எழுதினா நான் காலி. அதான் பழசே போதும்னேன். பயந்துட்டேன், போதுமா? தூக்கமே வரல எனக்கு. சரி, நீ சொல்லு. உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?

துரியா — முதல் நோன்பன்னிக்கே.

ஜவாத் — அடிப்பாவி! ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு! ஏன் வாயத் திறக்கல?

துரியா — ...நீங்க பெரியவங்க. நான் எப்படி...

ஜவாத் — பொய். சம்பளத் தேதி தள்ளிப் போனா முதலாளிகிட்டயே சண்டைக்குப் போறவ நீ. சொல்லு.

துரியா — விடுங்களேன். அவர் திரும்பி வர்றார்.

ஜவாத் — இரு, இரு. ஒரு வழி இருக்கு. அந்தக் கருவி வரிசையவே புரட்டிப் போட்டிருக்கு. மணி வரி மேலயும் பட்டன் வரி கீழயும்ல இருந்திருக்கணும்? என் கைக்கு வந்தப்ப தலைகீழா இருந்துச்சு. பழிய கருவி மேல போட்டுடலாம். என் தலையும் தப்பும், ஹம்மூவுக்கும் வேலை திரும்பக் கிடைக்கும். சரிதானே?

சி மிலூத் — என்னம்மா முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு? முடிவு என்ன?

ஜவாத் — புதுசுக்கு மாறிடலாம், சி மிலூத். காரணம்... கடிகாரம் தள்ளின ராத்திரி பழைய கருவி வரிகளப் புரட்டிப் போட்டுடுச்சு. அத நம்பி நான் எழுதின அறிக்கை தப்பு. காவல்காரர் தூங்கல.

சி மிலூத் — யா லதீஃப்! நெசமாவா?

ஜவாத் — அல்லா மேல ஆணையா.

சி மிலூத் — ஆணையெல்லாம் என்கிட்ட செல்லும். கிடங்குக்காரங்ககிட்ட செல்லுமா? அவங்க மாத்து இயந்திரம் ஓடலன்னா தப்பு அவங்க தலையில விழும். லேசுல ஒத்துக்குவாங்களா? அந்த ராத்திரியோட அசல் கோப்பக் கொண்டான்னு கேப்பாங்க. அது இல்லாம அந்த ஆள வாசல் கிட்டயே விட மாட்டாங்க.

ஜவாத் — அசல் எங்க இருக்கு? முப்பது நாள் தாண்டினா பழைய கருவி தானா அழிச்சிடும். போயே போச்சு.

துரியா — போகல. நான் எடுத்து வெச்சிருக்கேன்... அதுல மணி வரி மேலதான் இருக்கு, பட்டன் வரி கீழதான் இருக்கு. கருவி எதையும் புரட்டல, ஜவாத் அண்ணா. நேரம் முன்னும் பின்னுமா இருக்கே, நீங்க பாத்தா திட்டுவீங்கன்னு, நான்தான் வரிகள நேர வரிசையில அடுக்கி உங்ககிட்ட கொடுத்தேன்.