சத்தமில்லாத வழி

எனக்குச் சத்தம் பிடிக்காது, ஐயா. கோயிலுக்குப் போனால்கூட மேளம் ஓய்ந்த பிறகுதான் உள்ளே போவேன்.

வில்லியனூர் டயாலிசிஸ் மையத்தின் பழைய புரோகிராமை நான்தான் புதுப்பித்துக் கொடுத்தேன். அதில் நோயாளிகளை வைத்திருந்த தொகுப்பு ஒரு கோணிப்பை மாதிரி. எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். முழு விவரத்தோடு பதிந்தவர்கள் இருப்பார்கள். பதிவு கார்டு இல்லாமல் வந்தவர்கள் வெறும் பெயராகக் கிடப்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் நர்ஸ் ஜெயசித்ரா அப்படிச் சேர்த்துவைப்பாள். ஒவ்வொருவராக எடுத்துத் திரையில் கூப்பிடும்போது வெறும் பெயர் வந்தால் புரோகிராம் நின்று சிவப்புப் பெட்டி காட்டும். அவள் எழுந்துவந்து அந்தப் பெயரைத் தன் வாயால் கூப்பிடுவாள்.

“அந்தச் செவப்பு பொட்டி வந்தாலே டாக்டர் எல்லார் எதுர்லயும் திட்றாருண்ணா. வராம பண்ணிக் குடுங்க” என்றாள். கண் கலங்கியிருந்தது.

அந்தத் தொகுப்பை ‘ஜெனரிக்’ என்ற புது வகைக்கு மாற்றினேன். இந்தப் பையில் முழுப் பதிவு மட்டும்தான் என்று முன்பே சொல்லிவிடுவது, அவ்வளவுதான். பழைய பையிலிருந்து ஆட்களை இதற்கு எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, வேறு வகை வந்தால் நின்று கத்தும். மற்றது, பேசாமல் தாண்டி அடுத்ததற்குப் போய்விடும். இரண்டாவதை எழுதினேன்.

திரை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கப் போயிருந்தேன். பனித்திட்டு ஊர்க்காரர் கண்ணையன், கார்டு இல்லாதவர், கால் வீங்கி, சுவரில் சாய்ந்திருந்தார். போன முறையும் பெயர் வராமல் திரும்பியவர். திரை கூப்பிடாமல் உள்ளே போகக்கூடாது என்பது டாக்டரின் சட்டம்.

“இன்னா தம்பி, எங்கூட்டுக்காரர் பேரு இன்னும் வரல?” என்று அவர் மனைவி வேலம்மாள் கேட்டார்.

“வரும்மா. குந்துங்க.”

வராது என்று எனக்குத் தெரியும். எழுதும்போதே தெரியும். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜெயசித்ராவுக்குத் திட்டு விழும். அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

சாயங்காலம் மையத்தை மூடினார்கள். ஊர் திரும்பிய பஸ் பாகூர் தாண்டுவதற்குள் கண்ணையன் மூச்சு முட்டி இறந்துபோனார். அந்த வரியை நான் மாற்றவில்லை. கார்டு இல்லாத வேறு சிலரும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்து போய்ச் சேர்ந்தார்கள். மையம் அமைதியாகிவிட்டது என்று டாக்டர் என்னைப் பாராட்டினார்.

என்னைக் கல்நெஞ்சன் என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. அன்று வேலம்மாளுக்கு டீ வாங்கிக் கொடுத்தவன் நான். திரையையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது ஆறிப்போயிற்று. சூடாக இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன்.