லிஃப்டுக்கு எழுதின இங்கிலீஷ்

லிஃப்ட் நின்னு போச்சு. சரி பண்ணச் சொல்லி லெட்டர் எழுதினேன். அங்கதான் கெட்டுது.

நீங்க வேலையப் பாருங்க தம்பி. அந்த டூல்ஸ் பெட்டிய மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க, நான் இந்தப் படியிலயே உக்காந்துக்கறேன். எத்தனை நாளா ஓடலையா? அதைக் கேக்காதீங்க, வயிறு எரியுது. மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னால நின்னுச்சு. மழை வந்துச்சு, போயிடுச்சு. இப்பத்தான் நீங்க வர்றீங்க.

பண்ணினேனே. போன் பண்ணாம இருப்பேனா? உங்க கம்பெனிக்குத்தான் பண்ணினேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. சங்கத்துச் செயலாளர் சொன்னாத்தான் ஆள் அனுப்புவோம் சார்னுச்சு. ஒப்பந்தம் சங்கத்தோடயாம். நான் வெறும் நாலாவது மாடிக்காரன். சொல்லுங்க, நான் கூப்பிட்டா நீங்க வருவீங்களா? ம். தலையைச் சொறியறீங்க பாருங்க.

செயலாளர் இந்தக் கீழ் வீடுதான். செருப்பைக்கூட வரிசையா அடுக்கி வச்சிருக்காரே, அதே வீடு. காலேஜுல இங்கிலீஷ் நடத்தினவர். அவர் ரிட்டையர் ஆயிட்டாரு, அவரோட சிவப்புப் பேனா ஆகல. எல்லாரும் புரொபசர்னுதான் கூப்பிடுவோம். புகார் எதுவா இருந்தாலும் எழுத்துல வரணும், இங்கிலீஷ்ல வரணும். அது அவர் போட்ட சட்டம். தண்ணி வரலையா, எழுதிக் குடு. படிக்கட்டு விளக்கு எரியலையா, எழுதிக் குடு. வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாக்கூட முதல்ல பேப்பரைத் தேடணும்.

மத்தவங்க ஏன் கேக்கலன்னா? மேல பூராவும் சின்னப் பசங்க, வாடகைக்கு இருக்கறவங்க. ரெண்டு ரெண்டு படியாத் தாவறாங்க. லிஃப்ட் எங்களுக்குத்தான் வேணும். எனக்குக்கூட இல்ல, என் வீட்டுக்காரிக்கு. முட்டியில ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியிலருந்து இதே லிஃப்டுலதான் ஏத்திக் கூட்டிட்டுப் போனேன். அடுத்த வாரமே இது படுத்துடுச்சு. படி ஏறக் கூடாது, எறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

வீட்டுலயே கிடந்தா கிடக்கட்டுமேன்னு விட்டுடலாம். ஆனா அவ அக்கா ரெண்டு தெரு தள்ளி படுத்த படுக்கையா இருக்காங்க. இழுத்துக்கிட்டு இருக்கற உடம்பு. இவளுக்கு அம்மா மாதிரி. அக்கா பொண்ணு போன் பண்ணும்போதெல்லாம் இவ முகம் சுண்டிப் போகும். ஜன்னல்ல நின்னா அந்தத் தெரு முனை தெரியும், வீடு தெரியாது. அந்த முனையவே பாத்துக்கிட்டு நிப்பா.

சொன்னேனே. நாற்காலியில உக்கார வச்சு ரெண்டு ஆள் தூக்கிட்டு எறக்கலாம்னு சொன்னேன். நான் என்ன பீரோவான்னு கேட்டா. அவ அப்படித்தான்.

சரின்னு எழுதினேன். முதல் லெட்டர் ஒரே வரி. லிஃப்ட் ஓடல, சரி பண்ணுங்க, அவசரம். அவ்வளவுதான். நான் துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன் தம்பி. கீழ நிக்கறவன் மேல, கீழ, நிறுத்துன்னு மூணே சொல்லுதான் சொல்லுவான். அதுலயே கப்பல் காலியாயிடும். அவன் நாலாவதா ஒரு சொல்லு சொன்னான்னா எவனோ அடியில மாட்டிக்கிட்டான்னு அர்த்தம்.

மறுநாள் லெட்டர் என் கதவுக்கு அடியில கிடக்கு. பூராவும் சிவப்பு. அவசரம்ங்கற சொல்லைச் சுத்தி ஒரு வட்டம். ஓரத்துல குறிப்பு. பலவீனமான சொல், இதைவிட நல்ல சொல் தேடவும். எனக்கு எப்படி இருந்திருக்கும்? தலை நரைச்சு, பல்லு கொட்டி, இப்ப ஒருத்தன் எனக்குப் பரீட்சைத் தாள் திருத்தறான்.

நேராப் போய் நாலு கேள்வி கேட்டிருக்கணும். கேக்கல. ரோஷம் வேற பக்கம் திரும்பிடுச்சு. நீ கேட்ட இங்கிலீஷை உனக்கே அள்ளிக் கொட்டறேன்டான்னு பழைய புத்தகக் கடைக்குப் போயிட்டேன். செங்கல் கனத்துல ஒண்ணு எடுத்தேன். உள்ள பூராவும் பெரிய பெரிய சொல்லு, படிச்சவனே பயப்படற மாதிரி. பேரனுக்கா ஐயான்னு கேட்டான் கடைக்காரன். எனக்குத்தான்டா, கட்டுடான்னேன்.

தினமும் காலையில காபி குடிச்சதும் உக்காந்துடுவேன். அட்டையில ஒரு பக்கம் சொல்லு, மறுபக்கம் அர்த்தம். வீடு பூரா ஒட்டினேன். முகம் பாக்கற கண்ணாடியில எக்ரீஜியஸ். சகிக்க முடியாத அளவுக்கு மோசம்னு அர்த்தம். முகம் கழுவிட்டு நிமிந்தா என் மூஞ்சிக்கு நேரா அது நிக்கும். மருந்து டப்பாவுல டெலிடீரியஸ், கேடு பண்றது. மாத்திரை மேல இதை ஒட்டி வச்சா நான் எதை நம்பி முழுங்கறதுன்னு கேட்டா அவ. கதவுல லாக்கடெய்சிகல், ஏனோதானோன்னு இருக்கறது. அதைச் சொல்லிப் பழகினப்ப பல்செட் கழண்டு வெளிய வந்துடுச்சு. சிரிக்காதீங்க, ஸ்பேனர் விழப் போகுது.

ஆரம்பத்துல அவளே அட்டைய வச்சுக்கிட்டு கேள்வி கேப்பா. நான் தப்பாச் சொன்னா நாக்கைத் துருத்துவா. அப்புறம் கேக்கறதை நிறுத்திட்டா. எப்ப நிறுத்தினான்னு நான் கவனிக்கல.

வெளியிலயும் எடுத்து விட்டுப் பாத்தேன். மருந்துக் கடைக்காரன் என்னை நிக்க வச்சுட்டு போன்ல பேசிக்கிட்டே இருந்தான். உன் வேலை ரொம்ப பெர்ஃபங்க்டரின்னேன். கடமைக்குச் செய்யறதுன்னு அர்த்தம். அவன் அலமாரி பூராவும் தேடிட்டு வந்து, ஸ்டாக் இல்ல சார், நாளைக்கு வந்துடும், மாத்திரையா டானிக்கான்னு கேட்டான். அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

அடுத்த லெட்டர்ல எக்ரீஜியஸைத் தூக்கிப் போட்டேன். திரும்பி வந்துச்சு. மிகை, குறைக்கவும். அதுக்கடுத்ததுல எக்ஸாசர்பேட். இருக்கற கஷ்டத்தை இன்னும் மோசமாக்கறதுக்குப் பேரு அது. அந்தச் சொல்லு பக்கத்துல ஒரு டிக்கு போட்டிருந்தாரு. டிக்கு தம்பி! பள்ளிக்கூடத்துல நான் பாக்காத டிக்கு.

புத்தி பிசகினது அதுக்கப்புறம்தான். லெட்டர் எதுக்கு எழுதறோம்ங்கறதே போயிடுச்சு. கீழ அவரைப் பாத்தா லிஃப்டைப் பத்திக் கேக்க மாட்டேன். நேத்து போட்ட சொல்லு எப்படி சார் இருந்துச்சும்பேன். அவருக்கும் பாடம் நடத்தி எத்தனை வருஷமாச்சோ, மனுஷன் பூத்துப் போயிடுவாரு. நீங்க இப்ப கழட்டிச் சாத்தி வச்சிருக்கீங்களே, இந்தக் கதவுலதான் ரெண்டு கிழவனும் சாஞ்சு நிப்போம். ஓடாத லிஃப்டுல சாஞ்சுக்கிட்டு சொல்லோட அழகைப் பேசுவோம்.

கெட்டவர்னு சொல்ல மாட்டேன். லெட்டர் சுத்தமா வந்தப்புறம்தான் கம்பெனிக்கு அனுப்பணும், சங்கத்தோட மானம் இருக்குல்லன்னாரு. நானும் தலையாட்டினேன். என்னைச் சொல்லணும்.

கடைசியா ஒண்ணு எழுதினேன். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாம வந்துச்சு. அடியில மிகச் சிறப்புன்னு இருந்துச்சு. இந்தக் காலை வச்சுக்கிட்டு நாலு மாடி ஓடினேன். அவகிட்ட நீட்டினேன். வாங்கினா. கண்ணாடி போட்டுக்கூடப் பாக்கல. அப்ப லிஃப்ட் எப்ப ஓடும்னு கேட்டா.

திரும்பக் கீழ எறங்கி வந்து பாத்தா, என் லெட்டரை நகல் எடுத்து நோட்டீஸ் போர்டுல குத்தி வச்சிருக்காரு. தலைப்பு வேற. குடியிருப்பவர்கள் புகார் எழுத ஒரு மாதிரி. அதோ, இப்பவும் தொங்குது. கம்பெனிக்கு அனுப்பலையா சார்னேன். அனுப்பிடலாம், அவசரத்துக்கு நீங்க போட்ட சொல்லு மட்டும் இன்னும் ஒரு பிடி ஏறணும்னாரு. மிகச் சிறப்புன்னு போட்டீங்களேன்னேன். மாதிரிக்குச் சிறப்புதான், வெளிய போறதுன்னா வேற மாதிரி வேணும்ங்கறாரு.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அதான். சட்டையைப் பிடிச்சிருப்பீங்க. நான் மாடிக்குப் போய் புத்தகத்தைப் பிரிச்சேன்.

அன்னைக்குத்தான் அக்கா பொண்ணு போன் பண்ணியிருக்கா. அம்மா கண்ணையே தொறக்கல சித்தின்னு. எனக்குத் தெரியாது. நான் அறைக் கதவைச் சாத்திக்கிட்டு, அவசரத்துக்கு ஒசத்தியா ஒரு சொல்லு தேடிக்கிட்டிருந்தேன். இம்பெரேடிவ்னு ஒண்ணு கிடைச்சுது. எக்ஸிஜென்ட்னு ஒண்ணு கிடைச்சுது. எது கனம்னு வாய்ல போட்டு உருட்டிக்கிட்டிருந்தேன். எக்ஸிஜென்டுதான்னு முடிவு பண்ணி, அவகிட்டச் சொல்லலாம்னு வெளிய வந்தேன். நாற்காலி காலி. வாசக் கதவு தொறந்து கிடக்கு.

உக்காந்தே எறங்கியிருக்கா தம்பி. இதே படியில. ஆபரேஷன் பண்ணின காலை முன்னால நீட்டிக்கிட்டு, கையை ஊனி ஊனி, ஒவ்வொரு படியா நகந்து. நாலு மாடியும். பாதியில பெருக்கற அம்மா பாத்துட்டுப் பதறிப் போய்த் தூக்க வந்திருக்காங்க. தூக்க வேணாம், எனக்கு முன்னால பெருக்கிக்கிட்டே போ, துணியெல்லாம் அழுக்காவுதுன்னாளாம். அவங்க பெருக்க, இவ எறங்க. அப்படியே வாசல் வரைக்கும் போய் ஒரு வண்டியப் பிடிச்சு ஏறிட்டா.

அக்காவா? கண்ணைத் தொறந்தாங்களாம். தொறந்ததும் திட்டுதான். ரெண்டு தெருவுல இருந்துக்கிட்டு ஏண்டி இத்தனை நாளா வரலன்னு. லிஃப்ட் ஓடலக்கான்னாளாம். பொய் சொல்ல வேற எதுவும் கிடைக்கலையாடின்னாங்களாம். இருக்காங்க, இருக்காங்க. ரெண்டு வாய் சாப்பிடறாங்களாம். எத்தனை நாளைக்கோ. ஆனா இவ இனிமே தினம் போகணும்.

சாயங்காலம் திரும்பி வந்தா. மேல வரல. நேராப் போய் புரொபசர் வீட்டு மணியை அடிச்சா. உள்ள போய் சோபாவுல காலை நீட்டினா. என்னம்மா இதுன்னு கேட்டிருக்காரு. லிஃப்ட் ஓடற வரைக்கும் நான் இங்கதான், தலையணை ஒண்ணு குடுங்கன்னாளாம். எதுவா இருந்தாலும் எழுத்துலன்னு ஆரம்பிச்சவரு, அவ பாத்த பார்வையில அப்படியே நிறுத்திட்டாராம். அவ குறட்டை எனக்குப் பழக்கம். அவருக்குப் புதுசு. விடிஞ்சதும் விடியாததுமா உங்க கம்பெனிக்கு அவரே போன் போட்டுட்டாரு. எந்த இங்கிலீஷ்? நீங்களும் நானும் பேசற பேச்சுலதான். கெஞ்சினாருன்னு கேள்வி.

என்கூடப் பேசலை இன்னும். சாப்பாடு கொண்டு போய்க் குடுத்தா வாங்கிக்கறா. முகத்தைப் பாக்க மாட்டேங்கறா. எக்ஸிஜென்டை நான் அவகிட்டச் சொல்லவே இல்ல.

என்ன? கதவை மாட்டியாச்சா? அமுக்கட்டுமா? எதை, இதையா? ஆ. வெளிச்சம் வந்துடுச்சு. சத்தம்கூடக் கேக்குதே. மேல போய்ட்டு வருதா? வரட்டும், வரட்டும்.

கையெழுத்தா? எங்க, இங்கயா? புகார் கொடுத்தவர்னு போட்டிருக்கு. பேனாவை நீங்களே வச்சுக்கங்க. நான் எழுதினதுக்கு ஒருத்தனும் வரல. புரொபசரும் வேணாம், அவர் உங்க பேப்பரையும் திருத்திடுவாரு. இருங்க, அந்தக் கதவைத் தட்டறேன். இதுல கையெழுத்துப் போட வேண்டியவ உள்ள சோபாவுல இருக்கா. என் வீட்டுக்காரி.